கிராஃபில் எது எங்கே இருக்கணும்? 240 வருஷத்துக்கு முன்பே முடிவு செய்த வில்லியம் பிளேஃபேரின் கதை

ஆபீஸ் மீட்டிங்குக்காக ஒரு கிராஃப் போடுகிறீர்கள். கோடுகள் எல்லாம் சரியாக வந்துவிட்டன. ஆனால் எந்த நிறம் எந்தக் கோடு என்று சொல்லும் லெஜண்ட் பெட்டி, கரெக்டாகக் கடைசி மாத விற்பனையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கீழே மாதங்களின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. தலைப்பில் பாதியைக் காணோம். கணக்குப் போட ஆனது பத்து நிமிஷம். இதையெல்லாம் நகர்த்தி நகர்த்தி வைக்க ஒரு மணி நேரம்.

பைத்தானில் மேட்பிளாட்லிப், ஆர் மொழியில் ஜிஜிபிளாட்2 என்று எந்த லைப்ரரியைப் பயன்படுத்தினாலும் இந்தத் தலைவலி உண்டு. தலைப்பு எங்கே? அச்சு இடதா, வலதா? லெஜண்ட் உள்ளேயா, வெளியேயா? ரெண்டு படங்களை மேலும் கீழும் வைப்பதா, பக்கத்தில் பக்கத்தில் வைப்பதா?

இந்தக் கேள்விகளையெல்லாம் ஏறக்குறைய 240 வருஷத்துக்கு முன்பே, கம்ப்யூட்டர் இல்லாமல், செப்புத்தகட்டின் முன்னால் யோசித்த ஒரு மனிதர் இருந்தார். கோட்டு வரைபடம், பட்டை வரைபடம், பை சார்ட் மூன்றையும் நமக்குக் கொடுத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். நாட்டின் கடனைப் படமாக வரைந்து காட்டியவர். சொந்தக் கடனை மட்டும் அடைக்க முடியாமல் செத்துப்போனவர். பெயர் வில்லியம் பிளேஃபேர்.

அண்ணன் கொடுத்த வேலை

ஸ்காட்லாந்தில் டண்டீ நகருக்குப் பக்கத்தில் லிஃப் என்ற ஊர். 1759 செப்டம்பர் 22 அன்று அங்கே ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார் வில்லியம். 1772-ல் அப்பா இறந்தபோது வில்லியமுக்குப் பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை. குடும்பப் பொறுப்பு மூத்த அண்ணன் ஜான் பிளேஃபேரின் தலையில் விழுந்தது.

ஜான் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனவர். இணைகோடுகள் பற்றி வடிவியலில் வரும் பிளேஃபேர் அடிகோள் இவர் பெயரில்தான் இருக்கிறது. வீட்டிலேயே தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒரு வேலை: தினமும் வெப்பமானியைப் பார்த்து அளவைக் குறிக்க வேண்டும். குறித்தால் மட்டும் போதாது, கோடாக வரைந்தும் காட்ட வேண்டும். அளக்கக்கூடிய எதையும் கோடாக வரையலாம் என்பதைத் தனக்குக் கற்றுத்தந்தவர் அண்ணன்தான் என்று வில்லியம் பின்னாளில் நன்றியோடு எழுதினார்.

அடுத்து, ஆண்ட்ரூ மெய்கிள் என்ற ஆலை இயந்திரக் கைவினைஞரிடம் தொழில் பழகப் போனார். கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கியவர் என்று பெயர் வாங்கிய மெய்கிள் இவர்தான். அங்கிருந்து 1777-ல், பதினெட்டு வயதில், இன்னும் பெரிய இடத்துக்குப் போனார். பர்மிங்ஹாமில் நீராவி எந்திரம் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட்டிடம் உதவியாளராகவும் படம் வரைபவராகவும் சேர்ந்தார்.

எந்திரத்தின் பாகங்களை வரையும் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. எந்தப் பாகம் எது, அளவு என்ன என்பது தாளைப் பார்த்த நொடியே புரிய வேண்டும். புரியவில்லை என்றால் பட்டறையில் இரும்பு வீணாகும். எது எங்கே இருக்கணும் என்ற பழக்கம் பிளேஃபேரின் கைக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரே இடத்தில் நிற்கிற ஆள் இல்லை அவர். சில வருஷத்தில் வாட்டை விட்டு விலகி, லண்டனில் வெள்ளிப் பொருள் செய்யும் தொழில் தொடங்கினார். ஓடவில்லை. அடுத்து கையில் எடுத்தது பேனா.

1786: தேசத்தின் கணக்கு, படமாக

1786-ல் லண்டனில் பிளேஃபேரின் புத்தகம் வந்தது. பெயர், கமர்ஷியல் அண்ட் பொலிட்டிகல் அட்லஸ். அட்லஸ் என்று பெயர் இருந்தாலும் உள்ளே ஒரு நாட்டின் வரைபடம்கூடக் கிடையாது. இருந்தவை 44 சார்ட்டுகள். இங்கிலாந்து எந்த நாட்டுக்கு எவ்வளவு ஏற்றுமதி செய்தது, எவ்வளவு இறக்குமதி செய்தது, அரசின் கடன் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எல்லாமே கோடுகளில்.

இன்றைக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். அன்று பணக் கணக்கு என்றால் பத்தி பத்தியாக எண்கள்தான். காலத்தைக் கோடாக வரையும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஜோசப் பிரீஸ்ட்லி 1765-ல் பிரபலங்களின் ஆயுளைக் கோடுகளாக வரைந்து வெளியிட்டிருந்தார். வானிலை அளவுகளை வரைந்த விஞ்ஞானிகளும் இருந்தார்கள். ஆனால் பணம் எப்படி உயரமாகும்? பணத்துக்கு ஏது உயரம் என்று கேட்டவர்கள் உண்டு.

பிளேஃபேர் சொன்ன பதில் ரொம்ப எளிமையானது. ஒரு வியாபாரி தினமும் ராத்திரி அன்றைய வரவுக் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிறார். மறுநாள் பக்கத்தில் இன்னொரு அடுக்கு. இப்படியே வைத்துக்கொண்டு போனால், அடுக்குகளின் உச்சி ஏறி இறங்குவதைப் பார்த்தே வியாபாரம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடலாம். சார்ட்டில் இருப்பதும் அதே காசு அடுக்குதான், அளவில் சின்னது, அவ்வளவுதான்.

பழைய முதலாளி ஜேம்ஸ் வாட் இதைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். படம் மட்டும் போதாது, எந்த எண்களிலிருந்து வரைந்தீர்களோ அந்த அட்டவணையையும் கூடவே அச்சிடுங்கள் என்றார். பிளேஃபேர் முதல் பதிப்பில் அட்டவணைகளையும் சேர்த்தார். கிராஃபுக்குப் பக்கத்தில் டேட்டாவையும் கொடு என்று இன்று சொல்கிறோமே, அதேதான்.

ஒரு தாளில் எது எங்கே?

அட்லஸில் ரொம்பப் பிரபலமான படங்களில் ஒன்று, டென்மார்க், நார்வேயோடு இங்கிலாந்து 1700 முதல் 1780 வரை நடத்திய வியாபாரம். இன்றைய லைப்ரரிகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளை இருக்கும் விஷயங்களை இந்த ஒரே தாளில் பார்க்கலாம்.

அச்சு: ஆண்டுகள் கீழே, இடமிருந்து வலமாக. பண அளவோ வலது பக்கம். இன்று பெரும்பாலான லைப்ரரிகள் எண்களை இடது பக்கம் வைக்கின்றன. பிளேஃபேர் வலதில் வைத்ததில் ஒரு வசதி இருக்கிறது. வாசகர் கண் கடைசியாக வந்து நிற்பது சமீபத்திய ஆண்டில். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எண் இருக்கிறது. பங்குச்சந்தை ஆப்களில் விலை வலது ஓரத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அளவு விளக்கம்: கீழே இருப்பது ஆண்டு, வலப்பக்கக் கோடு ஒவ்வொன்றும் 10,000 பவுண்டு என்று படத்துக்கு அடியில் ஒரே வரியில் எழுதிவிட்டார்.

லெஜண்ட்: தனிப் பெட்டி கிடையாது. இறக்குமதிக் கோடு எது, ஏற்றுமதிக் கோடு எது என்பதை அந்தந்தக் கோட்டின் மேலேயே, கோடு வளைகிற மாதிரியே எழுத்தையும் வளைத்து எழுதியிருக்கிறார். வாசகர் கண்ணைப் பெட்டிக்கும் கோட்டுக்குமாக அலைய விட வேண்டியதில்லை. டேட்டா காட்சிப்படுத்தலைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இன்றும் முதல் பாடமாகச் சொல்வது இதைத்தான்.

இடைப்பட்ட பகுதி: ரெண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைச் சும்மா விடவில்லை. முதல் பாதியில் இறக்குமதி மேலே இருக்கிறது. அதாவது இங்கிலாந்துக்குப் பாதகம். 1750-களின் நடுவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அதன்பிறகு ஏற்றுமதி மேலே போகிறது, இங்கிலாந்துக்குச் சாதகம். இந்த ரெண்டு பகுதிகளுக்கும் வேறு வேறு நிறம் தீட்டி, உள்ளேயே பாதகம், சாதகம் என்று எழுதியும் வைத்தார். நிறம் தீட்டியது அச்சில் அல்ல, ஒவ்வொரு பிரதிக்கும் கையால்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இதெல்லாம் செப்புத்தகட்டில் தலைகீழ் பிம்பமாகச் செதுக்கப்படுபவை. எழுத்து கோட்டில் மோதிவிட்டால் மவுஸால் இழுத்து நகர்த்த முடியாது. எந்த எழுத்து எங்கே என்பதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

எண் கிடைக்காததால் பிறந்த பட்டை

சொந்த ஊரான ஸ்காட்லாந்தின் வியாபாரத்தையும் அட்லஸில் சேர்க்க ஆசைப்பட்டார் பிளேஃபேர். சிக்கல் என்னவென்றால், 80 வருஷக் கணக்கு கிடைக்கவில்லை. 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரை ஒரே ஒரு வருஷக் கணக்குதான் கையில் இருந்தது. ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது.

அதனால் காலத்தையே படத்திலிருந்து எடுத்துவிட்டார். ஸ்காட்லாந்து வியாபாரம் செய்த 17 இடங்களையும் மேலிருந்து கீழாக அடுக்கினார். ஒவ்வோர் இடத்துக்கும் படுக்கைவாட்டில் ரெண்டு பட்டைகள். முழுக் கறுப்பு என்றால் ஏற்றுமதி, வரிவரியாக இருந்தால் இறக்குமதி. இடங்களின் பெயர்கள் வலது ஓரத்தில்.

வரிசையையும் கவனியுங்கள். வியாபாரம் குறைவான இடங்கள் மேலே, அதிகமான அயர்லாந்து கீழே. அகர வரிசையில் வைத்திருந்தால் பட்டைகள் பல் விழுந்த சீப்பு மாதிரி இருந்திருக்கும். அளவுப்படி வைத்ததால் யார் பெரியவர் என்று எண்ணிப் பார்க்காமலே தெரிகிறது. லைப்ரரிகள் பலவும் தானாக அகர வரிசையிலோ, டேட்டா வந்த வரிசையிலோதான் பட்டைகளை வைக்கும். அளவுப்படி மாற்ற வேண்டியது நம் பொறுப்பு.

வேடிக்கை என்னவென்றால், பிளேஃபேருக்கு இந்தப் படம் அவ்வளவாகத் திருப்தி தரவில்லை. காலம் இல்லாததால் மற்ற படங்களைவிட இது மட்டம் என்று நினைத்தார். உலகத்தில் இன்று தெருமுனை போஸ்டர் வரைக்கும் வந்துவிட்ட பட்டை வரைபடம், அதைச் செய்தவருக்கே ரெண்டாம் பட்சமாக இருந்தது.

உயரமாக்கினால் பயம் வரும்

இனிமேல்தான் கதையில் கொஞ்சம் சிக்கல் வருகிறது. எதை எங்கே வைப்பது என்பது அழகு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. வாசகர் எதை நம்புகிறார் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. பிளேஃபேருக்கு இது நன்றாகத் தெரியும்.

போருக்காக அரசு கடன்மேல் கடன் வாங்குவது அவருக்குப் பிடிக்காது. அமெரிக்கக் குடியேற்றங்களோடு நடந்த போர் முடிந்து இங்கிலாந்து கடனில் திணறிய நேரம் அது. தேசக் கடன் எப்படி ஏறியது என்ற படத்தை அவர் மற்ற படங்கள் மாதிரி அகலமாக வரையவில்லை. ஒடுக்கமாக, உயரமாக வரைந்தார். அகலம் குறைந்து உயரம் கூடினால், அதே எண்கள்தான், ஆனால் கோடு ராக்கெட் மாதிரி மேலே பாயும். செங்குத்துக் கோடுகளையும் சம இடைவெளியில் போடாமல், போர், சமாதானம் போன்ற முக்கியக் கட்டங்களில் போட்டார். போர் வரும்போதெல்லாம் கடன் எகிறுவது கண்ணில் அறைகிறது.

பொய் சொன்னாரா? எண்ணில் பொய் இல்லை. ஆனால் தாளின் வடிவமே அவர் கட்சியைப் பேசியது. இந்த உயர வித்தையையும், விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் கடனை வரைந்ததையும் 1983-ல் எட்வர்ட் டஃப்டி தன் புத்தகத்தில் எடுத்துக்காட்டினார். அதே புத்தகத்தில் பிளேஃபேரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவரும் டஃப்டிதான்.

அவரே அறியாமல் விழுந்த பள்ளமும் ஒன்று உண்டு. அது நம் பக்கத்து வியாபாரம். கிழக்கிந்திய நாடுகளோடு இங்கிலாந்து நடத்திய ஏற்றுமதி, இறக்குமதிப் படமும் அட்லஸில் இருக்கிறது. இறக்குமதிக் கோடு மேலே, ஏற்றுமதிக் கோடு கீழே. நடுவில் இருக்கும் இடைவெளிதான் முக்கியம் என்றார் பிளேஃபேர். ஆனால் ரெண்டு கோடும் சேர்ந்தே செங்குத்தாக ஏறும் இடத்தில் நம் கண் ஏமாந்துவிடும். மேலிருந்து கீழாக அளக்க வேண்டிய இடைவெளியை, கோடுகளுக்கு நடுவே குறுக்கே இருக்கும் கிட்டத்து தூரமாக அளந்துவிடும். இதனால் 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடைவெளி சட்டென்று பெரிதாகிக் குறைந்தது அந்தப் படத்தில் கண்ணுக்கே தெரிவதில்லை. 1980-களில் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் இதைப் போட்டு உடைத்தார்கள்.

அவர்கள் காட்டிய வழி எளிது. ரெண்டு கோடுகளுக்குக் கீழே இன்னொரு சின்னப் படம் வை. அதில் வித்தியாசத்தை மட்டும் தனிக் கோடாகப் போடு. ஒளிந்திருந்த மேடு உடனே தெரிந்துவிடும். லைப்ரரிகளில் ஒரே ஆண்டு அச்சைப் பகிர்ந்துகொண்டு மேலும் கீழும் ரெண்டு படம் வைக்கும் வசதி இருப்பது இதற்குத்தான்.

பாரிஸ், நிலம், ஓட்டம்

புத்தகம் வந்தும் இங்கிலாந்தில் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. 1787 வாக்கில் பிளேஃபேர் பாரிஸுக்குப் போனார். அங்கே நிலைமை வேறு. அட்லஸின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1789-ல் வெளிவந்தது. மன்னர் பதினாறாம் லூயிக்குப் படங்கள் உடனே புரிந்து, பிடித்தும்போயின என்று பிளேஃபேர் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்.

அதே வருஷம் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. நாட்டை விட்டுக் கிளம்ப நினைத்தவர்களுக்கு அமெரிக்காவில், ஒஹாயோ ஆற்றங்கரையில் நிலம் விற்கும் சியோட்டோ கம்பெனியில் இறங்கினார் பிளேஃபேர். கூட இருந்தவர் அமெரிக்கக் கவிஞர் ஜோயல் பார்லோ. நம்பிப் பணம் கட்டி நூற்றுக்கணக்கான பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். போய்ப் பார்த்தால், கையில் இருந்த பத்திரத்துக்கு மதிப்பே இல்லை. விற்ற நிலம் கம்பெனிக்குச் சொந்தமாகவே ஆகவில்லை. அங்கே காட்டை வெட்டி அவர்கள் உருவாக்கிய ஊர்தான் கல்லிபோலிஸ், இன்றும் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறது. பணத்தை விழுங்கிவிட்டார் என்ற குற்றச்சாட்டு பிளேஃபேர் மேல் விழுந்தது.

1790-களில் லண்டன் திரும்பினார். ஒரு வங்கி ஆரம்பித்தார், அது கவிழ்ந்தது. கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஒரு பிரபுவின் குடும்ப ரகசியம் தன்னிடம் இருக்கிறது என்று கடிதம் எழுதிப் பணம் பறிக்கப் பார்த்ததும் உண்டு. நல்ல மனிதர் என்று சர்டிபிகேட் கொடுக்கக்கூடிய வாழ்க்கை இல்லை. ஆனால் நடுநடுவே செப்புத்தகடும் நிறக் கிண்ணமும் கையை விட்டுப் போகவே இல்லை.

வட்டங்களும் ஒரு சாய்கோடும்

1801-ல் அடுத்த புத்தகம், ஸ்டாடிஸ்டிகல் பிரீவியரி. ஐரோப்பாவின் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வட்டம். நாடு எவ்வளவு பெரிசோ, வட்டத்தின் பரப்பும் அவ்வளவு பெரிசு. துருக்கியப் பேரரசு மூன்று கண்டங்களில் பரவியிருந்ததால், அதன் வட்டத்தை மூன்று துண்டாக வெட்டி, ஆசியப் பகுதிக்குப் பச்சை, ஐரோப்பியப் பகுதிக்குச் சிவப்பு, ஆப்பிரிக்கப் பகுதிக்கு மஞ்சள் தீட்டினார். இன்று நாம் பை சார்ட் என்று சொல்வதன் ஆரம்பம் இதுதான். ஐரோப்பாவோடு நிற்காமல், இந்துஸ்தானத்தின் ஆட்சிகளையும் இதே முறையில் காட்டும் பகுதி ஒன்றையும் சேர்த்திருந்தார். திப்பு சுல்தான் வீழ்ந்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்த நேரம்.

ஒரே படத்தில் மூன்று அளவுகளைக் காட்ட ஆசைப்பட்டார். வட்டம் நிலப்பரப்பு. வட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு செங்குத்துக் கோடு, அதன் உயரம் மக்கள்தொகை, மில்லியனில். வலது ஓரத்தில் இன்னொன்று, அதன் உயரம் அரசின் வரி வருமானம், மில்லியன் பவுண்டில். ரெண்டு உச்சிகளையும் இணைத்து ஒரு புள்ளிக்கோடு. கோடு வலப்பக்கம் மேலே ஏறினால் மக்கள்மேல் வரிச்சுமை அதிகம், இறங்கினால் குறைவு. பிரிட்டனின் கோடு மேலே ஏறியது. பெரும்பாலான மற்ற நாடுகளின் கோடுகள் கீழே இறங்கின. பிரிட்டிஷ்காரர்கள் வரியில் நசுங்குகிறார்கள் என்பது அவர் வாதம்.

பார்த்தவுடன் நம்பத் தோன்றும். ஆனால் ரெண்டு ஓட்டைகள். ஒன்று, கோடுகள் வட்டத்தின் ரெண்டு ஓரங்களில் நிற்பதால், நடுவில் இருக்கும் தூரம் நாட்டின் அளவைப் பொறுத்தது. வித்தியாசம் ஒன்றாகவே இருந்தாலும் பெரிய நாட்டில் சாய்வு மெதுவாகவும் சின்ன நாட்டில் செங்குத்தாகவும் தெரியும். ரஷ்யா தப்பித்துக்கொள்ளும், பிரிட்டன் மாட்டிக்கொள்ளும். ரெண்டாவது, ஆள் எண்ணிக்கையும் பவுண்டும் வேறு வேறு அலகுகள். வருமானத்தைப் பவுண்டுக்குப் பதில், மதிப்புக் குறைந்த இன்னொரு நாணயத்தில் போட்டிருந்தால் எண் பெரிதாகி, எல்லா நாட்டின் கோடும் மேலே ஏறியிருக்கும்.

இடது பக்கம் ஓர் அளவு, வலது பக்கம் வேறோர் அளவு என்று ரெண்டு அச்சு வைத்த கிராஃப்களில் இந்தப் பிரச்சினை இன்றும் அப்படியே இருக்கிறது. ரெண்டு அளவுகளையும் இஷ்டத்துக்கு நீட்டி, சுருக்கினால் எதற்கும் எதற்கும் தொடர்பு இருக்கிற மாதிரி காட்டிவிடலாம்.

கோதுமை, கூலி, ராஜாக்கள்

அறுபது வயதைத் தாண்டிய பிறகு பிளேஃபேர் வரைந்த ஒரு படம் அவருடைய மிகச் சிறந்த வேலை என்று பலர் சொல்வார்கள். நெப்போலியன் போர்கள் முடிந்து இங்கிலாந்தில் விவசாயம் நெருக்கடியில் இருந்தது. தானிய விலை பற்றிப் பெரிய சண்டை. அப்போது 1565 முதல் 1821 வரை, 250 வருஷத்துக்கும் மேலான கணக்கை ஒரே தாளில் கொண்டுவந்தார்.

நடுவில் பட்டைகள், ஒரு குவார்ட்டர் கோதுமையின் விலை. குவார்ட்டர் என்றால் 8 புஷல் கொண்ட தானிய அளவு. கீழே ஒரு கோடு, கைத்தொழில் தெரிந்த தொழிலாளியின் வாரக் கூலி. மேலே நாடா மாதிரி ஓடும் வரிசை, அந்தந்தக் காலத்தில் ஆண்ட ராஜா, ராணிகளின் பெயர்கள். மூன்று வகைத் தகவல், மூன்று அடுக்கு, ஒரே கால அச்சு. ஒன்றோடு ஒன்று மோதவில்லை.

அவர் சொல்ல வந்த விஷயம்: கோதுமை விலை ஏறியிருக்கலாம், ஆனால் கூலியோடு ஒப்பிட்டால் கோதுமை இவ்வளவு மலிவாக முன்பு இருந்ததே இல்லை. அதாவது பழைய காலத்தில் ஒரு குவார்ட்டர் வாங்கத் தொழிலாளி பல வாரம் உழைக்கணும், இப்போது அவ்வளவு வேண்டாம்.

பிரச்சினை என்னவென்றால், இதுதான் படத்தில் தெரியவில்லை! கண்ணுக்கு முதலில் தெரிவது மேலும் கீழும் குதிக்கும் பட்டைகள். கூலிக் கோடு அடியில் அமைதியாக ஏறுகிறது. பட்டையைக் கோட்டால் வகுத்துப் பார்க்கும் வேலையை வாசகரின் மூளையிடம் விட்டுவிட்டார். பின்னாளில் ஆய்வாளர்கள் அதே எண்களை எடுத்து, ஒரு குவார்ட்டருக்கு எத்தனை வார உழைப்பு என்று ஒரே கோடாக வரைந்தார்கள். அது இறங்கிக்கொண்டே வருவது பளிச்சென்று தெரிந்தது. பிளேஃபேர் சொன்னது சரி. ஆனால் எல்லாவற்றையும் அவ்வளவு அழகாக அடுக்கியவர், சொல்ல வந்த ஒன்றுக்கு மட்டும் தாளில் இடம் ஒதுக்க மறந்துவிட்டார்.

மறந்த நாடு, ஞாபகம் வைத்த உலகம்

1823 பிப்ரவரி 11 அன்று லண்டனில் பிளேஃபேர் இறந்தார். வயது 63. கையில் காசில்லை. பெயரும் கெட்டிருந்தது. நிலத்திலும் வங்கியிலும் ஏமாற்றியவர் என்று பேர் வாங்கிய ஆள், என் படத்தைப் பார்த்து அரசின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள் என்றால் யார் நம்புவார்கள்? பிரிட்டனில் பல பத்தாண்டுகள் அவர் முறையைப் பெரிதாக யாரும் தொடரவில்லை.

வெளியே சிலர் கவனித்தார்கள். ஜெர்மன் அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் மெக்சிகோ பற்றிய தன் நூலில் இந்த வகைப் படங்களைப் பயன்படுத்தி, பிளேஃபேரின் முறையைப் பாராட்டவும் செய்தார். 1860-களில் பொருளாதார அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் மீண்டும் அவரைத் தேடிப் படித்தார். 2005-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் அட்லஸையும் பிரீவியரியையும் ஒன்றாகச் சேர்த்து மறுபடியும் வெளியிட்டது.

இன்றைக்கு யார் முடிவு செய்கிறார்கள்?

செப்புத்தகட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் பிளேஃபேரே இடம் பார்த்தார். இன்று பாதி முடிவுகளை லைப்ரரி எடுத்துவிடுகிறது. ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் உருவாக்கி 2003-ல் வெளியிட்ட மேட்பிளாட்லிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லெஜண்டை எங்கே வைப்பது என்று நீங்கள் சொல்லவில்லை என்றால், மூலைகள், ஓரங்கள், நடு என்று ஒன்பது இடங்களைப் பார்த்து, கோடுகளை மிகக் குறைவாக மறைக்கும் இடத்தில் அதுவே வைத்துவிடும். ஜிஜிபிளாட்2 அந்த வம்பே வேண்டாம் என்று படத்துக்கு வெளியே, வலது பக்கம் வைக்கும்.

நீங்களே வைக்க வேண்டும் என்றால், படத்தின் சட்டத்தை 0 முதல் 1 வரையான அளவாக நினைத்துக்கொள்ள வேண்டும். இடது கீழ் மூலை 0, 0. வலது மேல் மூலை 1, 1. நட்டநடு 0.5, 0.5. பெட்டி வெளியே போகணுமா? 1-ஐத் தாண்டிய எண்ணைக் கொடுத்தால் போதும். எழுத்துகள் ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளியைச் சரிசெய்துகொள்ளவும் தனிக் கட்டளைகள் உண்டு.

மோதலைத் தவிர்க்க லைப்ரரிக்குத் தெரியும். ஆனால் படத்தை உயரமாக்கினால் கடன் பயமுறுத்தும் என்று அதற்குத் தெரியாது. ரெண்டு அச்சு வைத்தால் இல்லாத தொடர்பு முளைக்கும் என்று தெரியாது. நீங்கள் சொல்ல வந்தது விலையா, கூலியா, ரெண்டுக்கும் உள்ள விகிதமா என்றும் தெரியாது.

அதனால் அடுத்த முறை வாட்ஸ்அப்பில் ஒரு கிராஃப் வந்தால் முதலில் தலைப்பைப் படிக்காதீர்கள். ஓரங்களைப் பாருங்கள். படம் ஒடுக்கமாக உயர்ந்து நிற்கிறதா, அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது, வலது பக்கம் இன்னோர் அளவு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிராஃப் போடுபவர் நீங்கள் என்றால், அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு சோதனை: சொல்ல வந்த விஷயத்துக்குத் தாளில் இடம் கொடுத்திருக்கிறீர்களா? கோதுமைப் படத்தில் பிளேஃபேர் தவறவிட்டது அதைத்தான்.